மெல்ல முடியாத தாயார்: தாடை மூட்டுவாதமும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும்



எங்கள் சபையிலுள்ள ஒரு சகோதரரின் தாயார், மகனுடைய வீட்டில் சில வாரங்கள் தங்கிச் செல்வதற்காக அம்பூரியிலிருந்து நகரத்துக்கு வந்திருந்தார். ஆராதனைக்குப் பின் சபையார் ஒன்றாக அமர்ந்து உண்ட அன்பின் விருந்தில், அவருடைய இலையிலிருந்த சோறும் கறியும் வைத்தபடியே இருந்தன. சிறிது ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. "அம்மா உபவாசத்தில் இருக்கிறார்கள்" என்று யாரோ சொன்னார்கள், அம்மாவும் மறுக்கவில்லை. நான் அதை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், இந்த வயதிலும் இவருக்கு இருக்கும் வைராக்கியத்தைப் பாருங்கள் என்று சபையாருக்கு முன்பாகப் பாராட்டியும் பேசிவிட்டேன்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு திருமண காரியமாக அம்பூரிக்குச் செல்ல நேர்ந்தது. நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. அந்தத் தாயாரின் வீட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எனக்குப் பரிமாறப்பட்டன. அவர் தமக்குரிய கிழங்கை வெந்நீர் விட்டுக் கூழாகக் கரைத்து, உதடுகளுக்கிடையே சிறிது சிறிதாக விட்டுக் குடித்தார். நான் திகைத்துப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உபவாசம் ஒண்ணும் இல்ல பாஸ்டரே. வாய் தொறக்க முடியல்ல. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கப்படாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்" என்றார்.

ஒன்றரை ஆண்டுகளாக அவருக்கு அந்தத் துன்பம் இருந்திருக்கிறது. பல்வலி என்று எண்ணி, வலித்த பக்கத்தில் இரண்டு பற்களைப் பிடுங்கியும் வலி தீரவில்லை. காதுவலி என்று சொட்டு மருந்து விட்டும் பார்த்திருக்கிறார். நோய் பல்லிலும் இல்லை, காதிலும் இல்லை. தாடை மூட்டில் இருந்தது. அந்த நாள் முதல் இதைக் குறித்து மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களின் நன்மைக்காக இங்கே எழுதுகிறேன்.

தாடை மூட்டு எப்படி இயங்குகிறது?

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் அசைவதே தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான மேல் நுனி, மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. வாயைச் சிறிது திறக்கும்போது எலும்பின் நுனி குழிக்குள் சுழலுகிறது. அகலத் திறக்கும்போது குழியைவிட்டு முன்னோக்கிச் சறுக்குகிறது. சுழலுவதும் சறுக்குவதும் ஆகிய இரண்டு அசைவுகளும் இதற்கு உண்டு.

வலது, இடது மூட்டுகள் இரண்டும் ஒரே எலும்பால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று மட்டும் தனியே இயங்க முடியாது. ஒன்று பழுதானால் மற்றதும் சுமை தாங்கவேண்டும். பெரியவர் ஒருவர் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் அளவுக்கு வாயைத் திறக்கலாம். அளவுகோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவரவர் கையின் நடுமூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பார்க்கலாம். மூன்று நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் காரணத்தை ஆராய வேண்டும்.

மூட்டைக் கெடுக்கும் நோய்கள்

முதலாவது, தேய்மான மூட்டுவாதம். வயதும், இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கமும், பழைய காயமும், வட்டு இடம் விலகுவதும் இதற்குத் துணைபோகின்றன. மெல்லும்போது மணல் அரைபடுவதுபோன்ற ஓசை காதருகே கேட்கும்.

இரண்டாவது, முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. கைவிரல்களில் தொடங்கித் தாடை மூட்டுவரை செல்லக்கூடும். காலையில் விரல்களும் தாடையும் நெடுநேரம் விறைத்திருக்கும். மூட்டின் எலும்பு கரைந்து உயரம் குறையும்போது பின்பற்கள் மட்டும் முட்டி, முன்பற்கள் சேராமல் இடைவெளி விழும். அந்தத் தாயாருக்கு இருந்தது இதுவே.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம். இதில் தாடை வலிக்காமலே பழுதாகக்கூடும். முகம் ஒரு பக்கம் சரிவதையோ, மோவாய் வளராமல் உள்வாங்குவதையோ கண்டால் தாமதிக்கலாகாது.

நான்காவது, மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப் பூட்டிக்கொள்வது. நம் நாட்டுப் பிள்ளைகளிடம் இதற்குப் பெரும்பாலும் விழுந்து அடிபட்டதே காரணம். மரத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்த பிள்ளைக்கு மோவாயில் சிறு காயந்தான் தெரியும். தையல் போட்டு அனுப்பிவிடுவோம். ஆனால் மோவாயில் விழுந்த அடி மேலே சென்று காதருகே மூட்டு எலும்பை முறித்திருக்கும். கவனியாமல் விட்டால் மாதங்கள் செல்லச் செல்ல வாய் சிறிது சிறிதாகப் பூட்டிக்கொள்ளும். காதில் சீழ் பிடித்து மூட்டுக்குப் பரவுவதாலும் இப்படி நேரிடும். தாடை வளராமையால் மூச்சுக்குழல் நெருக்கமாகி, பிள்ளை உறக்கத்தில் குறட்டைவிட்டு மூச்சுத் திணறும். எனவே மோவாயில் அடிபட்ட பிள்ளையைக் காதருகேயும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த சில வாரங்கள் வாய் திறக்கும் அளவையும் பார்த்துவாருங்கள்.

தாடை வலியெல்லாம் மூட்டுவாதம் அல்ல

இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கும்படி வேண்டுகிறேன். நடக்கும்போதோ படியேறும்போதோ தாடையில் வலி எழுந்து, ஓய்வெடுத்தால் தணிகிறதென்றால் அது இருதய நோயின் அடையாளமாக இருக்கலாம். வலியோடு வியர்வையும் மூச்சிரைப்பும் நெஞ்சில் பாரமும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

50 வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலியும், நெற்றிப்பொட்டில் புதிய தலைவலியும், பார்வை மங்கலும் வந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கக்கூடும். தாமதித்தால் கண்பார்வையே போய்விடும். அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும்.

வெற்றிலை பாக்கும் பாக்குப் பொட்டலங்களும் மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் திறக்காமல் போவதுண்டு. அப்போது பழுது மூட்டில் இல்லை. மூட்டை மாற்றினாலும் அது தீராது, புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கை அடியோடு விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்வதே வழி.

படிப்படியான சிகிச்சை

தாடை மூட்டு நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. முதற்படி, மூட்டுக்கு ஓய்வு. கஞ்சியும் பயறும், குழைந்த சோறு, இடியாப்பம், மசித்த கிழங்கு ஆகியவற்றைச் சிறு கவளமாக உண்ணலாம். முறுக்கு, கிழங்கு வறுவல், கரும்பு, பச்சை மாங்காய் ஆகியவற்றை விலக்க வேண்டும். கொட்டாவி வரும்போது மோவாயின் கீழ் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10 முதல் 15 நிமிடம் ஒற்றடம் கொடுப்பது தசை இறுக்கத்தைத் தளர்த்தும். வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மிஞ்சலாகாது.

இரண்டாம் படியில் இரவில் அணியும் பற்கவசமும், தாடைக்கான உடற்பயிற்சியும் வருகின்றன. முடக்குவாதமாக இருந்தால் மூலநோய்க்கே மருந்து உண்டு. அவற்றில் முதன்மையானது மெத்தோட்ரெக்சேட். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் இதை உட்கொள்ளலாகாது. மற்றவர்களும் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு மருந்து வாங்கி அனுப்பும் பிள்ளைகள், மருந்து உட்கொள்ளும் நாளின் பெயரை அட்டைமேல் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.

மூன்றாம் படி, மூட்டைக் கழுவுதல். மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மெல்லிய ஊசிகளை மூட்டுக்குள் செலுத்தி, ஒன்றின் வழியாக நீர்மருந்தை உள்ளே விட்டு மற்றதின் வழியாக வெளியேற்றுகிறார்கள். அழற்சிப் பொருள்கள் கழுவப்பட்டு, இறுகிய மூட்டு தளர்கிறது. எருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்சானும் அவருடைய துணை மருத்துவர்களும் 1991இல் இம்முறையை வெளியிட்டார்கள். சிறு துவாரத்தின் வழியாகக் குழல்கருவியைச் செலுத்தி மூட்டின் உட்புறத்தைக் காணும் முறையை ஜப்பானைச் சேர்ந்த ஓனிஷி 1975இலேயே தொடங்கிவைத்திருந்தார். இவற்றாலும் குணமாகாதவர்களுக்கே மூட்டைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை.

மூட்டை மாற்றவேண்டிய நேரம் எது?

வலி இருக்கிறது என்பது மட்டும் மூட்டை மாற்றப் போதுமான காரணம் அல்ல. பிரிட்டனின் முக அறுவை மருத்துவர்கள் 2008இல் சில அளவுகோல்களை வகுத்தார்கள். முதலில் மூட்டு நோய் ஸ்கேன் மூலம் உறுதிப்பட வேண்டும். எளிய சிகிச்சைகள் முறையாகச் செய்யப்பட்டும் பயன் தராதிருக்க வேண்டும். அதன்பின் இவற்றைப் பார்க்கிறார்கள்.

நீராகாரம் மட்டும் உண்பவருக்கு 0, எல்லாம் உண்பவருக்கு 10 என்று மதிப்பெண் கொடுத்தால், நோயாளி 5க்கும் கீழே இருக்கிறாரா?

வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கிறதா?

பற்கள் சேரும் முறை குலைந்து முன்பற்கள் திறந்துபோயினவா, அல்லது தாடை பின்வாங்கியதா?

மூட்டு எலும்பு மிகுதியாகக் கரைந்து தாடையின் உயரம் குறைந்துவிட்டதா?

இவற்றில் ஏதேனும் ஒன்றோடு, வலியின் அளவும் 10க்கு 5ஐத் தாண்டுகிறதா?

மூட்டு எலும்பாகவே ஒட்டிப்போனவர்கள், முன்பு செய்த அறுவை சிகிச்சை பயனற்றுப்போனவர்கள், கட்டியின் காரணமாக மூட்டை அகற்ற நேர்ந்தவர்கள் ஆகியோருக்கும் மாற்று மூட்டு தேவைப்படலாம். உடலில் தொற்று இருக்கும்போது இதைச் செய்யலாகாது. உலோக ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னதாகவே சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குச் செயற்கை மூட்டு வைப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். உலோகம் பிள்ளையோடு வளராது அல்லவா? அவர்களுக்கு ஒட்டிய எலும்பை நீக்கி, பல சமயங்களில் விலா எலும்பின் நுனியைக் குருத்தெலும்போடு எடுத்துப் பொருத்துகிறார்கள். அதன்பின் பல மாதங்கள் விடாமல் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை அழுவதைப் பார்த்துப் பெற்றோர் பயிற்சியை நிறுத்திவிட்டால் மூட்டு மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

அவசரம் தந்த கசப்பான பாடம்

மாற்று மூட்டை ஏன் கடைசிப் படியாக வைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு வரலாறு விளக்குகிறது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1950களின் இறுதியில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லான் என்னும் வழவழப்பான பொருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைக் கெடுத்தன. அவர் அதைக் கைவிட்டு, 1962இல் உறுதியான பாலியெத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அடித்தளம் அதுவே.

அந்தப் பாடம் எழுதப்பட்டிருந்தும், 1980களில் அமெரிக்காவில் வைடெக் என்ற நிறுவனம் டெஃப்லான் கலந்த தாடை மூட்டுப் பொருத்துகளை விற்றது. ஆயிரக்கணக்கானோருக்கு அவை வைக்கப்பட்டன. மெல்லும் அழுத்தத்தில் அவை நொறுங்கின; துகள்களை எதிர்த்து உடல் செய்த போராட்டத்தில் தாடை எலும்பும், சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியும் அரிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்பட்டன. சாதாரண வலியோடு சென்ற பலர் பல அறுவை சிகிச்சைகளோடு வாழ வேண்டியதாயிற்று.

அதன்பின் வந்த மூட்டுகள் வேறு வகையானவை. குழிப்பகுதி உறுதியான பாலியெத்திலீனாலும், தாடைப்பகுதி கோபால்ட்-குரோமியம், டைட்டானியம் ஆகிய உலோகங்களாலும் செய்யப்படுகின்றன. நோயாளியின் சி.டி. ஸ்கேனைக்கொண்டு அவருடைய எலும்புக்கென்றே செய்யும் மூட்டுக்கு அமெரிக்க அரசு 1999இலும், ஆயத்த அளவுகளில் வரும் மூட்டுக்கு 2005இலும் அனுமதி வழங்கின. அளவெடுத்துச் செய்த மூட்டுகளை 20 ஆண்டுகளுக்கு அப்பாலும் நன்றாகப் பயன்படுத்துவோர் உண்டு. இப்போது நம் நாட்டிலும் இத்தகைய மூட்டுகள் செய்யப்படுகின்றன.

அறுவை சிகிச்சையும் அதன் பின்பும்

காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் கீறி, பழுதான எலும்பை நீக்கி, புதிய மூட்டின் இரண்டு பகுதிகளையும் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். வாய் திறக்காதவருக்கு மயக்கம் கொடுப்பதே கடினமான வேலை. மூக்கின் வழியாக வளையும் ஒளிக்குழலைச் செலுத்தி, அதன் துணையோடு மூச்சுக்குழாயை வைக்கத் தெரிந்த மயக்க மருத்துவர் வேண்டும். ஆகவே இந்தச் சிகிச்சையை அனுபவமுள்ள பெரிய மருத்துவமனையிலேயே செய்துகொள்ள வேண்டும்.

புதிய மூட்டு சுழலும். பழைய மூட்டைப்போல் சறுக்காது. எனவே வாய் முன்போல் முழுமையாகத் திறக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. உண்ணவும் பேசவும் பல் துலக்கவும் போதுமான அளவு திறக்கும். முகத்தை அசைக்கும் நரம்பு அருகே செல்வதால் புருவமோ இமையோ சிலருக்குச் சில காலம் தளர்ந்திருக்கும்; பெரும்பாலும் சரியாகிவிடும். தொற்று, மறுபடியும் எலும்பு வளர்தல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. அறுவை மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? எந்த வகை மூட்டு? காப்பீட்டில் மூட்டின் விலையும் அடங்குமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?

எல்லையோரத்து மக்களுக்கு

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதித் தமிழருக்கு அறுவை சிகிச்சை புதிதல்ல. நெய்யூரில் 1838இலேயே லண்டன் மிஷனின் மருத்துவப் பணி தொடங்கிற்று. 1922, 1924 ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் சென்ற அறுவை மருத்துவர் சாமர்வெல் அங்கேதான் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1956இல் கோடு கிழிக்கப்பட்டு நெய்யூர் தமிழகத்திலும் அம்பூரி கேரளத்திலும் அமைந்தன. இன்று சாமர்வெல்லின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி காரக்கோணத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1959இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வாய், தாடை, முக அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. பல் பிடுங்குவதற்கு முன்பாக அத்தகைய ஓரிடத்தில் மூட்டைக் காட்டிவிடுவது நல்லது.

அந்தத் தாயாரை மகன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். ஸ்கேனில் எலும்பு கரையத் தொடங்கியிருந்தது, முழுவதும் அழிந்திருக்கவில்லை. வாரம் ஒருமுறை மாத்திரை, மூட்டைக் கழுவும் சிகிச்சை, நாள்தோறும் கண்ணாடிமுன் பயிற்சி என்று எட்டு மாதங்கள் சென்றன. இரண்டு விரல்கூட நுழையாதிருந்த வாயில் ஏறத்தாழ மூன்று விரல் நுழைகிறது. மாற்று மூட்டு இப்போதைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். இன்னும் ஓராண்டு மறைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

ஜெபித்துக்கொண்டே மருந்தும் உட்கொள்ளலாம். அதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவருடைய வேதனைக்கு நான் பக்தி என்று பெயரிட்டுப் பாராட்டியது தவறு. அதை அவரிடத்தில் ஒப்புக்கொண்டேன். நகரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள தாய் தகப்பனிடம் தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். அவர்கள் மெல்லுகிறார்களா, விழுங்குகிறார்களா என்று பாருங்கள்.